படத்துக்குக் கீழே ஒரு வரி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நடுக்கடலில் வெடிவிபத்து நடந்த ஒரு சரக்குக் கப்பலுக்குப் பாராசூட்டில் குதித்துப் போய் வைத்தியம் பார்த்த அமெரிக்க விமானப்படை வீரர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக அரசியல் கேட்பவர்கள்கூட இந்த முறை அதைத்தான் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. முன்கூட்டியே ஒரு வார்த்தை: நான் பட்டாளத்தில் இருந்தவனில்லை. நாளிதழ் ஒன்றின் படப்பிரிவில் உட்கார்ந்து, ஏஜென்சிப் படங்களுக்கு அடியில் ஒரு வரி எழுதியே தலை நரைத்தவன். அதனால் என் பதில்களில் துப்பாக்கியைவிடக் காகிதம் அதிகமாக வரும்.

இவர்கள் கமாண்டோக்களா, டாக்டர்களா? ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறீர்களே? (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

டாக்டர்கள் இல்லை. கமாண்டோ என்றால் மறுக்க மாட்டார்கள். ஆனால் பாதி விஷயம் விட்டுப்போகும். அமெரிக்க விமானப்படையில் பாராரெஸ்க்யூ என்று ஒரு தனிப் பிரிவு, பேச்சுவழக்கில் 'பி.ஜே.'. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தின் விமானியை எதிரியின் நிலத்துக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே சிகிச்சை செய்ய வேண்டும். பிறகு உயிரோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

தேர்வு டெக்சஸ் மாநிலத்து லாக்லாண்ட் தளத்தில் தொடங்குகிறது. அங்கே நீச்சல் குளமே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தேறியவர்களுக்குப் பாராசூட் பயிற்சி, மிக உயரத்திலிருந்து குதித்துத் தாமதமாக விரிக்கும் பயிற்சி, முக்குளிப்பு, கவிழ்ந்து மூழ்கிய ஹெலிகாப்டருக்குள்ளிருந்து வெளியேறுவது, எதிரிப் பகுதியில் ஒளிந்து உயிர் பிழைப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில். கடைசிக் கட்டம் நியூ மெக்சிகோவில், கர்ட்லாண்ட் தளத்தில். எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு வருடம். தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை.

மருத்துவத்தில் அவர்கள் வாங்குவது பாராமெடிக் சான்றிதழ். அமெரிக்க நகரங்களில் ஆம்புலன்சில் வந்து இறங்குபவர்களுக்கு உரிய அதே தேசியத் தகுதிதான். வித்தியாசம் என்னவென்றால், ஆம்புலன்ஸ்காரருக்கு ஆஸ்பத்திரி பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வந்துவிடும். இவர்களுக்குச் சில சமயம் நாள் கணக்கு. அவர்கள் அணியும் அரக்குச் சிவப்புத் தொப்பி 1966இல் அதிகாரபூர்வமானது. விமானப்படைப் படங்களில் அந்தத் தொப்பியைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பிரிவின் பிறப்பிடம் நம் நாகா மலை என்று எங்கோ படித்தேன். உண்மையா, யாராவது கிளப்பிவிட்டதா? (வரலாற்று ஆர்வலர் ஒருவர்)

உண்மை. அதுவும் அருமையான கதை. கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மா சாலையை அடைத்துவிட்டது. சீனாவுக்குச் சரக்கு போக ஒரே வழி, அசாமிலிருந்து இமயத்தின் கிழக்கு முதுகைத் தாண்டிப் பறப்பது. அந்தப் பாதைக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்'. 1943 ஆகஸ்ட் 2ஆம் தேதி அசாமின் சபுவா தளத்திலிருந்து குன்மிங்குக்குக் கிளம்பிய ஒரு சி-46 விமானம் எஞ்சின் கோளாறால் தடுமாறியது. உள்ளே 21 பேர். முன்பின் பாராசூட்டைத் தொட்டிராதவர்கள்கூடக் கதவு வழியாகக் குதித்தார்கள். துணை விமானி இறந்தார். மற்ற இருபது பேரும் பர்மா எல்லையை ஒட்டிய நாகா மலைக்காட்டில் இறங்கினார்கள். ரேடியோ ஆபரேட்டருக்குக் கால் முறிந்திருந்தது.

தேடிவந்த விமானத்தில் லெப்டினன்ட் கர்னல் டான் ஃபிளிக்கிங்கர் என்ற விமானப்படை மருத்துவர் இருந்தார். கீழே காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், இறங்கி ஏற ஓடுதளம் கிடையாது. மருத்துவ உதவியாளர்கள் ரிச்சர்ட் பாஸி, வில்லியம் மெக்கென்சி இருவரோடு அவரும் குதித்துவிட்டார். திரும்பி வருவதற்கு நடையைத் தவிர வேறு வழி இல்லை என்று தெரிந்தே குதித்தார்கள். பாங்ஷா என்ற நாகா கிராமத்துக்கு அருகே தங்கல். மேலிருந்து உணவும் மருந்தும் வீசினார்கள். மொகோக்சுங்கிலிருந்து பிலிப் ஆடம்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நாகர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டு வழியே வந்து சேர்ந்தார். பிறகு எல்லோரும் நாள் கணக்கில் மலை ஏறி இறங்கி நடந்து வெளியே வந்தார்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த 'ஹம்ப்' பாதையில் நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்திருக்கின்றன. பலரைப் பலர் மீட்டிருக்கிறார்கள். இந்த ஒரு விபத்து மட்டும் ஏன் ஒரு பிரிவின் பிறந்தநாளாக நிலைத்தது? குதித்த பயணிகளில் ஒருவர் எரிக் செவரெய்ட், சி.பி.எஸ். வானொலியின் போர் நிருபர்! இன்னொருவர் ஜான் பேட்டன் டேவிஸ், அமெரிக்க வெளியுறவுத்துறை அதிகாரி. காப்பாற்றப்பட்ட செவரெய்ட் வெளியே வந்ததும் சொன்னார், எழுதினார். 1946இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அந்த மூன்று பேரையும் மனதாரப் புகழ்ந்தார். காட்டுக்குள் விழுந்தவர்கள் அனைவரும் சாதாரணச் சிப்பாய்களாக இருந்திருந்தால், ஃபிளிக்கிங்கரின் குதிப்பு ஏதோ ஒரு படைப்பிரிவின் மாத அறிக்கையில் ஒன்றரை வரியாக முடிந்திருக்கும் என்பது என் கட்சி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் படித்தவை எல்லாம் விழுந்தவர்கள் சொன்ன கதை. விருந்தாளிகள் வானத்திலிருந்து விழுந்ததைப் பாங்ஷாக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது என் கண்ணில் பட்ட எழுத்தில் மிகவும் குறைவு. அந்த ஊர்ப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர் யாராவது பாட்டிகளிடம் கேட்டு எழுதினால் முதல் பிரதி எனக்கு.

(ஃபிளிக்கிங்கர் பிறகு பிரிகேடியர் ஜெனரல் ஆனார், விண்வெளி மருத்துவத்தில் பெரிய பெயர். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்த மருத்துவச் சோதனைகளில் அவருக்கும் பங்கு உண்டு.)

போர் இல்லாத நாட்களில் என்ன செய்வார்கள்? (வங்கி ஊழியர் ஒருவர்)

சும்மா இருப்பதில்லை. அலாஸ்காவில் பனிமலையில் சிக்கிய மலையேறிகளையும், விழுந்த சின்ன விமானங்களையும் தேடிப் போவது அந்த மாநிலத்தின் துணை விமானப்படையான ஏர் நேஷனல் கார்டின் 212ஆவது மீட்பு ஸ்குவாட்ரன். நான் சென்ற இதழில் எழுதிய கப்பல் 'தாமார்'. 2017 ஏப்ரலில், அட்லாண்டிக்கில், கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால். நியூயார்க்கின் 106ஆவது மீட்புப் படைப்பிரிவினர் போய்க் குதித்தார்கள். ஹெலிகாப்டர் எட்டாத தூரம் அது.

அதே 106 தான் 1991 அக்டோபர் 30 அன்று, அட்லாண்டிக்கில் அடித்த பெரும்புயலுக்குள், தனியாகப் பாய்மரப் படகில் வந்த ஒருவரைத் தேடிப் போனது. திரும்பும் வழியில் நடுவானில் எரிபொருள் நிரப்ப முடியாமல் ஹெலிகாப்டரை இரவில் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. ஐந்து பேரில் நால்வரைக் கடலோரக் காவல்படையின் 'டமாரோவா' கப்பல் தூக்கிக் கரை சேர்த்தது. ரிக் ஸ்மித் என்ற பாராரெஸ்க்யூ வீரர் கிடைக்கவே இல்லை. அந்தப் புயலைப் பற்றிப் பின்னால் வந்த புத்தகமும் சினிமாவும் மீன்பிடிப் படகு ஒன்றின் கதையாகத்தான் ஜனங்கள் நினைவில் நிற்கின்றன.

வியட்நாமில் இறந்த பாராரெஸ்க்யூ வீரர் பிட்சன்பார்கருக்கு, மரணத்துக்கு 34 வருடம் கழித்துப் பதக்கம் கொடுத்தார்களாமே. அரசாங்கம் என்றால் எல்லா ஊரிலும் இப்படித்தானா? (ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர்)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் முதலிலேயே ஒன்றும் கொடுக்கவில்லை என்பது சரியில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1966 ஏப்ரல் 11. தெற்கு வியட்நாமில் காம் மி என்ற இடத்துக்கு அருகே, காலாட்படையின் 134 பேர் கொண்ட ஒரு கம்பெனி காட்டுக்குள் சுற்றிவளைக்கப்பட்டது. மேலே ஹஸ்கி ரக ஹெலிகாப்டர். மரங்கள் அடர்ந்ததால் இறங்க முடியாது. கம்பி வடத்தில் தொங்கும் தூக்குப்படுக்கையில் ஒவ்வொருவராக ஏற்ற வேண்டும். கீழே இருந்தவர்களுக்கு அதில் ஆளை வைத்துக் கட்டத் தெரியவில்லை. வில்லியம் பிட்சன்பார்கர், வயது 21, 'நான் இறங்குகிறேன்' என்று கேட்டு இறங்கினார். ஒன்பது பேரை மேலே அனுப்பினார். ஹெலிகாப்டர் குண்டடி பட்டது, ஏறிவிடு என்றார்கள், கையசைத்துப் போகச் சொல்லிவிட்டுத் தங்கிவிட்டார். காயங்களைக் கட்டினார், செத்தவர்களிடமிருந்து தோட்டா சேகரித்து உயிரோடு இருந்தவர்களுக்குக் கொடுத்தார். அன்று மாலை இருட்டும் நேரத்தில் சுடப்பட்டு இறந்தார். அந்தக் கம்பெனியில் நூறு பேருக்கு மேல் இறந்தோ காயம்பட்டோ போனார்கள்.

பரிந்துரை மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஆனர்' பதக்கத்துக்குத்தான் போனது. 1966இலேயே கிடைத்தது அதற்கு அடுத்த படியான 'ஏர் ஃபோர்ஸ் கிராஸ்'. ஆவணம் போதவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கே கவனியுங்கள்: இறந்தவர் விமானப்படை, பார்த்தவர்கள் காலாட்படை. அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தவர்களில் பலர் அந்த இரவைத் தாண்டவில்லை. தாண்டியவர்கள் பல ஆஸ்பத்திரிகளுக்குச் சிதறினார்கள். வேறொரு படையின் ஃபைலுக்கு யார் போய் அவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்குவது? 1990களில் பழைய கம்பெனிக்காரர்களைத் தேடிப் பிடித்து, சாட்சியம் திரட்டி, மனுவை மறுபடி கொண்டுபோனார்கள். பதக்கத்துக்குச் சட்டப்படி காலக்கெடு உண்டு. அதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் விலக்களித்தது. 2000 டிசம்பர் 8, ஒஹையோவில் விமானப்படை அருங்காட்சியகத்தில் அவருடைய அப்பாவிடம் பதக்கம் கொடுக்கப்பட்டது. அப்பா உயிரோடு இருந்து வாங்கினார் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இதற்கு நேரெதிரான ஒன்று 2002 மார்ச் 4, ஆப்கானிஸ்தானின் டாகுர் கார் மலையுச்சி. அங்கே ஜேசன் கன்னிங்ஹாம் என்ற 26 வயது பாராரெஸ்க்யூ வீரர், சுடப்பட்டு விழுந்த சினூக் ஹெலிகாப்டருக்குள் இருந்துகொண்டே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். இடம் பாதுகாப்பில்லை என்றதும் குண்டுமழையில் அவர்களை இடம் மாற்றினார். தானும் சுடப்பட்ட பிறகு, அடுத்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து இறந்தார். பத்து உயிர்கள் அவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. கூட இருந்தவர்கள் பிழைத்ததால் சாட்சிக்குக் குறைவில்லை. ஏர் ஃபோர்ஸ் கிராஸ் சீக்கிரமே வந்துவிட்டது.

அதே மலையில், அவருக்குச் சில மணி நேரம் முன்பு, ஜான் சாப்மன் தனியாகக் கிடந்து போரிட்டார். (இவரைப் பலர் பி.ஜே. என்று எழுதுகிறார்கள், தவறு. இவர் விமானத் தாக்குதலை வழிநடத்தும் காம்பாட் கன்ட்ரோலர்.) அவரோடு போனவர்கள் அவர் இறந்துவிட்டதாக நினைத்து இறங்கிவிட்டார்கள். மனித சாட்சியே இல்லை. மேலே பறந்த டிரோனின் வீடியோவைப் பல வருடம் கழித்து நுணுக்கமாக ஆராய்ந்து, அவர் அதன் பிறகும் எழுந்து சண்டையிட்டார் என்று விமானப்படை முடிவுக்கு வந்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று மெடல் ஆஃப் ஆனர். அந்த முடிவை ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள்; வீடியோவில் தெரிவது அவர்தானா என்று. 1966இல் சாட்சி சொல்ல ஆள் இருந்தும் கேட்க ஆளில்லை, 2002இல் ஆளில்லாமலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

பதக்கச் சான்றுரையில் இருப்பதை அப்படியே நம்பலாமா? (அதே அன்பர், பின்குறிப்பில்)

நடந்ததா என்று கேட்டால் நம்பலாம். முழுக்கதையா என்று கேட்டால் இல்லை. சான்றுரை ஒருவரைப் பற்றி மட்டுமே பேசும். பக்கத்தில் நின்றவருக்கு அதில் பெயர் இருக்காது. 1967 பிப்ரவரி 6, வியட்நாமில் ஹெலிகாப்டர் எரியத் தொடங்கியபோது டுவேன் ஹாக்னி என்ற பாராரெஸ்க்யூ வீரர், காப்பாற்றி ஏற்றிவந்த விமானிக்குத் தன் பாராசூட்டை மாட்டிவிட்டார். தனக்கு வேறொன்றைத் தேடி எடுக்கும்போதே வெடிப்பு அவரை வெளியே தூக்கி எறிந்தது. அவர் பிழைத்தார். அந்த ஹெலிகாப்டரில் அவர் மட்டும்தான் பிழைத்தார் என்பதைத் தெரிந்துகொள்ள நீங்கள் வேறு காகிதங்களைப் புரட்ட வேண்டும்.

படங்களில் ஏன் முகத்தை மறைக்கிறார்கள்? எங்கே நல்ல படங்கள் கிடைக்கும்? எதை நம்பலாம்? (காட்சித் தொடர்பியல் மாணவி ஒருவர்)

என் தொழிலுக்கே வந்துவிட்டீர்கள். எங்கள் காலத்தில் உருளை இயந்திரத்தில் படம் வரி வரியாக விழும்; ஓரத்தில் ஆங்கிலக் குறிப்பு ஒரு பட்டையாக அச்சாகி வரும். அதைக் கத்தரித்துப் படத்தின் முதுகில் ஒட்டாவிட்டால் மறுநாள் எந்தப் போர், எந்த ஊர் என்றே தெரியாது. இன்றும் ராணுவப் படத்தில் நான் முதலில் படிப்பது அடிவரிதான், படம் பிறகு.

அமெரிக்கப் பாதுகாப்புத்துறை 'டிவிட்ஸ்' என்று ஒரு பொதுக் கிடங்கு வைத்திருக்கிறது. அரசு ஊழியர் வேலை நேரத்தில் எடுத்த படத்துக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. நீங்களும் நானும் இறக்கிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நீண்ட எண் இருக்கும். முதல் ஆறு இலக்கம் எடுத்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்து ஒரு எழுத்து, எந்தப் படை என்று. எஃப் என்றால் விமானப்படை, ஏ தரைப்படை, என் கடற்படை. அதற்கடுத்து எடுத்தவரின் அடையாளக் குறி, கடைசியில் வரிசை எண். போன வருடப் படத்தை இன்று நடந்ததாகச் சுற்றவிடுபவர்களைப் பிடிக்க இந்த ஆறு இலக்கம் போதும். என் பேரனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து குடும்ப வாட்ஸாப் குழுவில் எனக்கு நிம்மதி.

அடிவரியில் இன்னொன்றைத் தேடுங்கள்: பயிற்சி, ஒத்திகை, 'போலி நோயாளி' என்ற பொருள்படும் சொற்கள். பாராரெஸ்க்யூ படங்களில் மிகப் பெரும்பாலானவை பயிற்சியில் எடுத்தவை. காரணம் எளிது. உண்மையான மீட்புக்குப் போகும் ஹெலிகாப்டரில் ஒரு இருக்கை காலியாக இருந்தால் அது நோயாளிக்கு, போட்டோகிராபருக்கு இல்லை. அதனால்தான் பொன்னொளியில் சுழலும் இறக்கை, புழுதிக்கு நடுவே கச்சிதமாக மண்டியிட்ட வீரர் என்று அழகாக வந்த படம் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் தட்டும். நிஜத்தில் எடுத்தது பெரும்பாலும் ஹெல்மெட் கேமராவில், ஆடி அசைந்து, பச்சையாக இருக்கும்.

முகம், பெயர்ப்பட்டை, அடையாள அட்டை ஆகியவற்றை மங்கலாக்குவது அவர்களையும் வீட்டாரையும் காப்பாற்றத்தான். ஒழுங்கான வெளியீடாக இருந்தால் 'பாதுகாப்புக் காரணத்துக்காக இந்தப் படத்தில் அடையாள அட்டை மங்கலாக்கப்பட்டது' என்று அடியிலேயே ஒப்புக்கொண்டிருப்பார்கள். திருத்தியதைச் சொல்லிவிட்டுத் திருத்துவது நேர்மை. நம் பத்திரிகைகளும் பின்பற்றலாம்.

ஒரு படம் மட்டும் சொல்கிறேன், தேடிப் பாருங்கள். 1966 மார்ச்சில் ஜெமினி 8 விண்கலம் சுழல ஆரம்பித்து, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு, திட்டமிட்ட அட்லாண்டிக்குக்குப் பதிலாக ஒகினாவாவுக்குக் கிழக்கே பசிபிக்கில் விழுந்தது. மூன்று பாராரெஸ்க்யூ வீரர்கள் விமானத்திலிருந்து குதித்து, கலம் மூழ்காதபடி மிதவை வளையத்தை மாட்டினார்கள். நாசா படத்தில் கலத்தின் இரு கதவும் திறந்திருக்க, நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் உள்ளே. கூடவே அந்த மூவர். ஆம்ஸ்ட்ராங்கை உலகமே அறியும். மற்றவர்களின் பெயர்களையும் இங்கே அச்சில் ஏற்றிவிடுகிறேன்: எல்ட்ரிட்ஜ் நீல், லாரி ஹியூயட், கிளென் மூர்.

ரகசியம் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு? வெளிநாட்டுக்காரர் கேட்டால் கொடுப்பார்களா? (சட்டக்கல்லூரி மாணவர் ஒருவர்)

கேட்கலாம். அங்கே தகவல் உரிமைச் சட்டம் 1966இல் கையெழுத்தானது. மனு போட அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொறுமை மட்டும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். கேட்காமலே கிடைப்பதும் நிறைய. படைப்பிரிவுகளின் வரலாற்று அறிக்கைகள் அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

விபத்து நடந்தால் அங்கே இரண்டு விசாரணை தனித்தனியாக ஓடும். ஒன்று பாதுகாப்பு விசாரணை: மறுபடி நடக்காமலிருக்க. அதில் சாட்சி சொல்பவருக்கு ரகசிய வாக்குறுதி உண்டு, அறிக்கை வெளியே வராது. மற்றது சட்டப்படியான விபத்து விசாரணைக் குழு: அதன் அறிக்கை பொதுவில் வரும், இறந்தவர் குடும்பத்துக்கும் விளக்கப்படும். 2018 மார்ச் 15 அன்று மேற்கு ஈராக்கில் மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து, பாராரெஸ்க்யூ வீரர்கள் உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். இலக்கைத் தாண்டிப் பறந்து, உயரக் கோபுரங்களுக்கு இடையே கட்டியிருந்த இரும்பு வடத்தில் மோதியது என்பது வரை அந்த அறிக்கையில் இருக்கிறது. தங்கள் ஆட்களின் தவறையும் சேர்த்து அச்சிடும் இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

வெளியே வராதது, சிறப்பு நடவடிக்கைப் படைகளோடு போகிறவர்களின் வேலை. சாதாரணமாக 25 வருடத்தில் ரகசிய முத்திரை தானாக விலக வேண்டும் என்பது விதி, விதிவிலக்குகள் ஏராளம்.

சில காகிதங்களை மறைத்தது அரசாங்கம் இல்லை, நெருப்பு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே பணிப்பதிவேட்டுக் காப்பகம் எரிந்து, 160 முதல் 180 லட்சம் ஃபைல்கள் போயின. விமானப்படையில் 1947 முதல் 1963 வரை விலகியவர்களில், அகரவரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் ஃபைல்கள் நான்கில் மூன்று பங்கு சாம்பல். கொரியப் போர்க்கால பி.ஜே. ஒருவரின் பெயர் ஆடம்ஸ் என்றால் பிழைத்தார், வில்சன் என்றால் அநேகமாக இல்லை. அகரவரிசை இவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

'நானும் பி.ஜே.வாக இருந்தேன்' என்று வீடியோவில் சொல்கிறவரை எப்படிச் சோதிப்பது? (ஐ.டி. ஊழியர் ஒருவர்)

பதக்கம் பெற்றதாகச் சொன்னால் சுலபம். மெடல் ஆஃப் ஆனர், அதற்கு அடுத்த படியான சர்வீஸ் கிராஸ் (ஏர் ஃபோர்ஸ் கிராஸ் அந்த வகை) வாங்கியவர்களின் பட்டியலைப் பாதுகாப்புத்துறையே பொதுவில் வைத்திருக்கிறது. பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய சட்டத்தை 2012இல் உச்சநீதிமன்றம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று தள்ளியது. அப்போதுதான் இந்தப் பட்டியல் யோசனை வலுப்பெற்றது. 2013இல் வந்த புதுச் சட்டம், பணமோ ஆதாயமோ அடையும் நோக்கத்தோடு பொய் சொன்னால் மட்டும் தண்டிக்கிறது. பதக்கம் சொல்லாமல் 'எல்லாம் ரகசியம், ரெக்கார்டே இல்லை' என்பவரானால் சேனலை மாற்றுங்கள். பயிற்சி முடித்ததற்கே ரெக்கார்டு உண்டு.

தாய்லாந்து குகையில் சிறுவர்களை மீட்டது இவர்கள்தானே? (ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன்)

இவர்களும், தம்பி. 2018 ஜூன் – ஜூலையில், ஒகினாவாவிலிருந்து அமெரிக்க விமானப்படையின் சிறப்புக் குழு ஒன்று போனது. பாராரெஸ்க்யூ வீரர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் டெரிக் ஆண்டர்சன் பிறகு செய்தி நிறுவனத்துக்கு விரிவாகப் பேட்டி கொடுத்தார். திட்டமிடுவது, ஒத்திகை, குகையின் அறைகளில் நின்று சிறுவர்களைக் கைமாற்றிக் கடத்துவது ஆகியவற்றில் அவர்களுக்குப் பெரும் பங்கு. ஆனால் வெள்ளத்துக்குள் முங்கிச் சிறுவர்களைச் சுமந்து வந்த முக்கிய வேலையைச் செய்தது பிரிட்டிஷ் குகை முக்குளிப்பாளர்கள். மயக்க மருந்து கொடுத்தவர் ஆஸ்திரேலிய டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ். உயிரைக் கொடுத்தவர் தாய்லாந்தின் சமன் குனான். எந்த நாட்டு அறிக்கையைப் படித்தாலும் அந்த நாடுதான் மீட்டது போலத் தோன்றும். இரண்டு மூன்று நாட்டு அறிக்கையைச் சேர்த்துப் படி.

நம்மவர்கள் யாரும் இப்படி மருந்துப் பையோடு குதித்ததில்லையா? (இல்லத்தரசி ஒருவர்)

குதித்திருக்கிறார்கள், அம்மா; அதுவும் அமெரிக்கர்களோடு. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், டாக்டர். 1941லேயே பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1950 கடைசியில் அவர் தலைமையில் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் கொரியா போனது. 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படை குதித்தபோது, ரங்கராஜும் ஒரு சிறு மருத்துவக் குழுவும் கூடவே குதித்து, களத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் விருதுத் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் வரும். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆசிரியர் இடம் கொடுத்தால்.

பி.ஜே.க்கள் பச்சை நிறத்தில் இரண்டு பாதங்களைப் பச்சை குத்திக்கொள்கிறார்களாமே? ஏன்? எங்கே? (பெயர் வேண்டாம் என்றவர்)

வியட்நாம் காலத்து மீட்பு ஹெலிகாப்டருக்கு 'ஜாலி கிரீன் ஜயன்ட்' என்று செல்லப்பெயர். அது இறங்கிய நெல்வயலில் சக்கரம் பதிந்த தடம் ராட்சசப் பாதம் போல இருக்கும் என்பார்கள். அதிலிருந்து வந்த வழக்கம். எங்கே என்றால், உட்காரும் இடத்தில். அந்தப் படத்துக்கு அடிவரி எழுதும் வேலை நான் ஓய்வு பெறும்வரை என் மேஜைக்கு வரவில்லை.